நோய் நீங்கிய கரையில் மலேரியாக் கல்வி: ஆலங்குடாச் சிறுவரை முன்வைத்து

இலங்கையில் உள்ளூரிலேயே தொடர்ந்து பரவிவந்த மலேரியாவின் தொற்றுக்கு உள்ளான கடைசி நோயாளர் 2012 ஒக்டோபரில் கண்டறியப்பட்டார். அதன்பின் மூன்று ஆண்டுகளுக்கு மேலாக உள்ளூர்த் தொற்று எதுவும் பதிவாகாமையால், 2016 செப்டெம்பர் 5ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றுப்படுத்தியது. புத்தளம் மாவட்டத்தின் கற்பிட்டித் தீபகற்பத்தில், களப்புக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்பரப்பில் அமைந்த ஆலங்குடாவில் இன்று ஆரம்ப வகுப்புகளில் பயிலும் பிள்ளைகள் எவரும் இந்நோயைத் தம் ஊரில் கண்டதில்லை. அவர்களின் இளம் தாய்மாரிற் பலருக்கும் அது தம் சிறுவயதில் வீட்டுப் பெரியவர்கள் போர்வைக்குள் நடுங்கிக் கிடந்த ஒரு மங்கலான நினைவு மட்டுமே. இந்நிலையில், சிறுவரை மலேரியாவிலிருந்து காப்பதற்கான சமூக சுகாதாரக் கல்வி, அந்நோயே இல்லாத ஊரில் எதைக் கற்பிக்க வேண்டும் என்ற வினா எழுகிறது. நோய் நீங்கியதால் அக்கல்வியின் தேவை நீங்கவில்லை என்பதும், நோய் ஊரில் இருந்த காலத்தைவிட இப்போதே அது கடினமான பணியாகிவிட்டது என்பதும் இவ்வுரையின் நிலைப்பாடு.

மலேரியா என்பது பிளாஸ்மோடியம் என்ற ஒருகல ஒட்டுண்ணியால் வருவது. மனிதரிடமிருந்து மனிதருக்கு அது நேராகத் தொற்றுவதில்லை. அனோபிலிஸ் இனத்துப் பெண் நுளம்பின் வழியாகவே கடத்தப்படுகிறது என்ற உண்மைக்கு வழிகாட்டிய கண்டுபிடிப்பை 1897இல் ரொனால்ட் ரோஸ் இந்தியாவின் செகந்திராபாத்தில் நிகழ்த்தினார். நுளம்பு கடித்தபின் ஒட்டுண்ணி முதலில் ஈரலுக்குச் சென்று பெருகி, பின்னர் செங்குருதிக் கலங்களுட் புகுந்து அவற்றை உடைக்கத் தொடங்கும்போதுதான் குளிரும் நடுக்கமும் காய்ச்சலும் வியர்வையும் தோன்றுகின்றன. இலங்கையில் இருவகை ஒட்டுண்ணிகள் பரவியிருந்தன. வைவாக்ஸ் என்பது பெரும்பாலும் உயிரைக் கொல்லாதது. ஆனால் அதன் ஒரு பகுதி ஈரலில் உறங்கிக் கிடந்து, மாதங்கள் கழித்து மீண்டும் காய்ச்சலை எழுப்பவல்லது. பால்சிபாரம் என்பது மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கிச் சில நாள்களுக்குள் உயிரைப் பறிக்கக்கூடியது.

இவ்விரண்டிலும் சிறுவரே மிகுதியாகத் துன்புறுவதற்குக் காரணம் உடலின் எதிர்ப்பாற்றல் உருவாகும் முறையில் உள்ளது. நோய் நிலைகொண்ட ஊரில் பிறக்கும் சிசு, தாயிடமிருந்து பெற்ற பிறபொருளெதிரிகளால், அதாவது நோய்க்கிருமியை எதிர்க்கும் புரதங்களால், முதற் சில மாதங்கள் ஓரளவு காக்கப்படுகிறது. அவை குறைந்தபின், தன் சொந்த எதிர்ப்பாற்றலைப் பல தொற்றுகளின் வழியே மெல்ல மெல்லச் சேர்த்துக்கொள்ளும் வரையுள்ள சில ஆண்டுகளே அப்பிள்ளைக்கு மிகவும் ஆபத்தானவை. 2023இல் உலகெங்கும் மலேரியாவால் இறந்தோராக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்ட ஏறத்தாழ 597,000 பேரில் மிகப் பெரும்பான்மையோர் ஆபிரிக்காவினர். அங்கு இறந்தோரில் நான்கில் மூன்று பங்கினர் ஐந்து வயதை எட்டாதவர்கள். நோய் நீங்கிய நாட்டிலோ நிலைமை வேறு. அங்கே தாயிடம் கொடுப்பதற்கும் எதிர்ப்பாற்றல் இல்லை, பிள்ளையிடம் சேர்ந்ததும் இல்லை. எனவே ஒட்டுண்ணி மீண்டும் வந்தால் ஊர் முழுவதும் அதன்முன் சிசுவின் நிலையிலேயே நிற்கும்.

இலங்கை இதை ஒருமுறை பெருவிலை கொடுத்து அறிந்தது. 1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்து ஆறுகள் வற்றியபோது, மணற்படுகைகளில் தேங்கிய தெளிந்த நீர்க் குட்டைகளில் அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ் நுளம்பு பெருகியது. அவ்வாண்டின் இறுதியில் தொடங்கிச் சில மாதங்களே நீடித்த கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். 1935இல் உயிருடன் பிறந்த ஆயிரம் சிசுக்களுள் 263 ஒரு வயதை எட்டுமுன் இறந்தன. இதில் ஆழ்ந்து கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. மலேரியா என்றும் வாழ்ந்த உலர் வலயத்தைவிட, அது அரிதாகவே எட்டிப்பார்த்த ஈரவலயத்தின் எல்லைக் கிராமங்களே, கேகாலை, குருநாகல் போன்ற பகுதிகளே, அதிகம் அழிந்தன. நோயை அறியாதிருந்த உடல்களையும், நோயை அறியாதிருந்த வீடுகளையுமே அந்தக் கொள்ளைநோய் தேடிச் சென்றது. அக்காலத்தில் மலேரியாவுடன் பழகியிருந்த புத்தளம் கரை, இன்று நோயை அறியாத அந்த ஈரவலயத்தின் இடத்திற்கே வந்திருக்கிறது.

இரண்டாவது பாடம் இன்னும் கசப்பானது. 1946 முதல் வீட்டுச் சுவர்களில் டி.டி.ரி. தெளிக்கப்பட்டபின் நோய் வேகமாகக் குறைந்தது. அவ்வாண்டில் ஆயிரத்துக்கு 20 அளவில் இருந்த இறப்பு வீதம் அடுத்த ஆண்டில் 14 அளவுக்கு இறங்கியமை முழுவதும் மருந்து தெளித்ததன் பயனா, விரிந்துவந்த இலவச மருத்துவமும் உணவுப் பங்கீடும் அதில் எவ்வளவு பங்கு கொண்டன என்பது பற்றி மீகம உள்ளிட்ட குடித்தொகையியலாளர்கள் நீண்ட காலம் விவாதித்தனர். ஆனால் மலேரியா ஒடுங்கியது என்பதில் விவாதமில்லை. 1963இல் நாடு முழுவதிலும் பதிவான நோயாளர் 17 பேர் மட்டுமே. தெளிப்பு நிறுத்தப்பட்டது, காய்ச்சற்காரரின் குருதியைச் சோதிக்கும் ஒழுங்கு தளர்ந்தது, பணமும் ஆளணியும் வேறு பணிகளுக்குத் திரும்பின. 1967 முதல் நோய் மீண்டெழுந்து, 1969இல் 537,000க்கும் மேற்பட்டோரைப் பீடித்தது. நுளம்பு டி.டி.ரிக்குத் தாக்குப்பிடிக்கத் தொடங்கியிருந்ததும் இதற்கு ஒரு காரணம்தான். எனினும், ஐந்தாறு ஆண்டுகள் காய்ச்சலைக் காய்ச்சலாக மட்டுமே பார்த்துப் பழகிய குடும்பங்களும் மருந்தகங்களும், அது மலேரியாவாக இருக்கலாம் என்று ஐயுறும் பழக்கத்தை இழந்திருந்தமை அதைவிடக் குறைந்த காரணமன்று. அன்று மக்களுக்கு விளக்கப்பட்டது பெரும்பாலும் தெளிப்பவருக்குக் கதவைத் திறந்துவிட வேண்டும் என்பதே. தெளிப்பவர் வராத காலத்தில் வீடு என்ன செய்ய வேண்டும் என்பது கற்பிக்கப்படவில்லை.

ஆலங்குடாவின் அண்மைக்கால வரலாறு இடப்பெயர்வின் வரலாறுமாகும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் புத்தளத்திலும் கற்பிட்டித் தீபகற்பத்திலும் தஞ்சமடைந்தபோது, ஆலங்குடாவிலும் முகாம்கள் எழுந்தன. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கல்வீடுகளில் வாழ்ந்த குடும்பங்கள் கிடுகுக் கூரைக்கும் ஓலைத் தட்டிக்கும் இடையே மணலில் பாய் விரித்துப் பிள்ளைகளைத் துயிற்ற நேர்ந்தது. கதிர்காமப் பகுதியில் நடத்தப்பட்டு 1991இல் வெளியான ஆய்வொன்று, மண்சுவரும் ஓலைக்கூரையும் கொண்ட வீடுகளில் வாழ்வோர்க்கு மலேரியா ஏற்படும் வாய்ப்பு நல்ல கட்டுமானமுள்ள வீடுகளில் வாழ்வோரைவிட ஏறத்தாழ 2.5 மடங்கு என்று காட்டியது. சுவரும் கூரையும் சந்திக்கும் இடைவெளியே நுளம்பின் வாயில். அவ்வாயிலை அடைக்க வசதியில்லாத ஒரு தாயிடம் சுகாதார அறிவுரை மட்டும் கூறுவது நியாயமாகாது. வீடமைப்பும் சுகாதாரக் கல்வியும் ஒரே பணியின் இரு பகுதிகள் என்பதை முகாம் வாழ்வைப்போல வேறெதுவும் தெளிவாகக் காட்டியதில்லை.

1999இல் நாட்டில் 264,000க்கும் மேற்பட்ட மலேரியா நோயாளர் பதிவாயினர். அடுத்த பத்தாண்டுகளுக்குள் அந்த எண்ணிக்கை ஆயிரத்துக்குக் கீழே வந்தது. மலேரியாத் தடுப்பு இயக்கத்தின் பிராந்திய அதிகாரிகள், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், நுண்ணோக்கியின் முன் அமர்ந்து குருதிப் பூச்சுகளைச் சோதித்த தொழில்நுட்பவியலாளர்கள் ஆகியோரின் உழைப்புடன், உலக நிதியத்தின் உதவியில் சர்வோதயம் போன்ற அமைப்புகள் கிராமங்களுக்குக் கொண்டுசென்ற நீடித்த பயனுள்ள நுளம்பு வலைகளும் இதில் பங்கு கொண்டன. இவ்வலை, நூலிலேயே பூச்சிக்கொல்லி ஊட்டப்பட்டது. தொடும் நுளம்பைக் கொல்லக்கூடியது. ஆனால் வலை வீட்டில் இருப்பதும் பிள்ளை வலைக்குள் உறங்குவதும் வெவ்வேறு நிகழ்ச்சிகள். தரையில் பாய் விரித்து உறங்கும் வீட்டில் வலையின் விளிம்பைப் பாயின் அடியில் நாற்புறமும் செருகாவிட்டால், வலை கூடாரமாக நிற்குமேயன்றித் தடையாகாது. காற்று நின்றுபோகும் சித்திரை மாத இரவில் புழுக்கம் தாளாத பிள்ளை காலால் விளிம்பை உதைத்துத் தள்ளிவிடும். நள்ளிரவில் எழுந்து அதை மீண்டும் செருகுவது தாயின் வேலையாகிறது. கடுமையான சலவைத்தூளில் ஊறவைத்து வெயிலில் உலர்த்திய வலை, வெண்மையாக இருப்பினும் மருந்தை இழக்கிறது. மிதமான சவர்க்காரத்தில் அலசி நிழலில் உலர்த்தினால் அதன் ஆற்றல் நீடிக்கும். இத்தகைய சிறு செய்திகளே வலையின் பயனைத் தீர்மானிக்கின்றன. இவற்றைச் சுவரொட்டியால் கற்பிக்க முடியாது. ஒரு வீட்டில் ஒரு வலையைக் கட்டிக்காட்டி, அயல் வீட்டுப் பெண்கள் தம் கையால் செருகிப் பார்க்கும்போதுதான் அவை பழக்கமாகின்றன.

தாய்மாரின் வழியே பரவும் கல்வி எவ்வளவு வலிமையானது என்பதற்கு எத்தியோப்பியாவின் திக்ராய் மாநிலத்தில் நடந்து, 2000இல் 'லான்செற்' மருத்துவ இதழில் வெளியான ஆய்வு சிறந்த சான்று. அங்கே ஊருக்குள்ளிருந்தே சில தாய்மார் தேர்ந்தெடுக்கப்பட்டு, காய்ச்சலின் அறிகுறிகளை இனங்காணவும், பிள்ளையின் வயதுக்கேற்ற மருந்தை உடனே கொடுக்கவும், எப்போது மருத்துவ நிலையத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதை அறியவும் பயிற்றப்பட்டனர். அவர்கள் தம் அயலாருக்கு அதைக் கற்பித்தனர். அவ்வாறு கற்பிக்கப்பட்ட பகுதிகளில் ஐந்து வயதுக்குட்பட்டோரின் இறப்பு, கற்பிக்கப்படாத பகுதிகளைவிட 40 சதவீதம் குறைந்தது. குருதிச் சோதனை எளிதிற் கிடைக்கும் இலங்கையில், சோதிக்காமல் வீட்டிலேயே மலேரியா மருந்து கொடுப்பது இன்று தவறாகும். ஆகவே ஆலங்குடாவுக்குப் பொருந்துவது அங்கே கொடுக்கப்பட்ட மருந்தன்று. எழுதப்படிக்கத் தெரியாத தாயும் அயலாருக்கு ஆசிரியராகலாம் என்ற அந்த நம்பிக்கையும், அதற்கான ஒழுங்கமைப்புமே. கிளினிக் நாளில் குடும்பநல உத்தியோகத்தரைச் சுற்றிக் கூடும் தாய்மாரும், முன்பள்ளிப் பெற்றோர் கூட்டங்களும், பள்ளிவாசலின் ஜும்ஆ உரையும், ஞாயிறு அஹதிய்யா வகுப்பும், தலவில் அன்னம்மாள் ஆலயத் திருவிழாவுக்கு நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் தீபகற்பத்துக்கு வரும் யாத்திரிகர் கூட்டமும் அத்தகைய ஒழுங்கமைப்புக்கு ஏற்ற களங்கள்.

இலங்கையிலேயே இதற்கு இன்னொரு முன்மாதிரி உண்டு. 2002 முதல் 2006 வரை நடைபெற்ற ஒருங்கிணைந்த பீடை, நோய்க்காவி முகாமைத்துவத் திட்டத்தில் விவசாயிகள் தம் வயல்களில் பயிரைத் தின்னும் பூச்சிகளையும் நோயைப் பரப்பும் நுளம்புகளையும் ஒருங்கே அவதானித்து, தாமே முடிவெடுக்கப் பழகினர். அவதானித்து அறிந்தது மறக்காது என்பதே அத்திட்டத்தின் பலம். வெங்காயமும் மிளகாயும் காய்கறிகளும் கிணற்று நீரால் விளையும் கற்பிட்டி மணலில் அதே முறையைச் சிறுவரிடமிருந்தே தொடங்கலாம். வெண்ணிறப் பாத்திரம் ஒன்றைத் தோட்டக் கிணற்றிலோ தேங்கிய குட்டையிலோ மெதுவாகச் சாய்த்து நீரை முகந்து, அசைவு அடங்கும்வரை காத்திருந்தால் குடம்பிகள், அதாவது நுளம்பின் புழுப்பருவத்தவை, மேலே வந்து மூச்செடுக்கும். அனோபிலிஸ் குடம்பி நீர்மட்டத்தோடு படுக்கையாக ஒட்டிக் கிடக்கும். டெங்குவைப் பரப்பும் ஈடிஸ், குயூலெக்ஸ் ஆகியவற்றின் குடம்பிகளோ வால்நுனியிலுள்ள குழாயால் மூச்செடுத்தவாறு தலைகீழாகத் தொங்கும். வளர்ந்த அனோபிலிஸ் சுவரில் அமரும்போதும் பின்னுடலை உயர்த்திச் சாய்வாக நிற்கும். பத்து வயதுப் பிள்ளை ஒரே தடவையில் கற்றுக்கொள்ளும் வேறுபாடு இது. ஒருமுறை கண்ட பிள்ளை தம்பி தங்கையருக்கும் அதைக் காட்டாமல் விடாது. முட்டையிலிருந்து சிறகு முளைக்கும் வரையுள்ள காலம் ஒரு கிழமை முதல் பத்து நாள் அளவே என்பதையும் அதே பாத்திரத்தில் நாள்தோறும் பார்த்து அறியலாம். கிழமைக்கு ஒருமுறை தொட்டியைக் கழுவ வேண்டும் என்ற விதியின் காரணம் அப்போது தானே விளங்கும்.

கிணற்றின் மீது இவ்வளவு கவனம் வேண்டப்படுவதற்குப் புதிய காரணமும் உண்டு. பழைய நோய்க்காவியான கியூலிசிபேசிஸ் பெரிதும் ஆற்றுப்படுகைக் குட்டைகளை நாடியது. கரையோரத்தில் உவர்நீரையும் தாங்கும் சப்பிக்டஸ் அதற்குத் துணைநின்றது. 2016 டிசெம்பரில் மன்னாரில், அதுவரை இலங்கையில் காணப்படாத அனோபிலிஸ் ஸ்டெபென்சி கண்டுபிடிக்கப்பட்டது. இந்தியப் பெருநகரங்களில் மலேரியாவைப் பரப்பும் இந்நுளம்பு கிணறுகளிலும் சீமெந்துத் தொட்டிகளிலும் கூரைமேல் நீர்த்தாங்கிகளிலும் பெருகுவது. கோடையிலும் நகரிலும் வாழவல்லது. ஆபிரிக்காவின் கொம்புப் பகுதிக்குப் பரவி அங்கும் கவலையை ஏற்படுத்தியிருப்பது. பின்னர் வடக்கின் வேறு பகுதிகளிலும் அது காணப்பட்டது. மன்னாருக்கும் ஆலங்குடாவுக்கும் இடையிலான உறவு வெறும் அண்மையன்று. போர் முடிந்தபின் மீள்குடியேறிய குடும்பங்களிற் பல, ஒரு காலை மன்னாரிலும் ஒரு காலைப் புத்தளத்திலும் ஊன்றி, பிள்ளைகளின் பாடசாலை விடுமுறைக்கும் உறவினர் திருமணத்துக்கும் போய்வருகின்றன. அங்கே கற்கும் பாடத்தை இங்கும், இங்கே கற்கும் பாடத்தை அங்கும் எடுத்துச் செல்லக்கூடியவர்கள் அவர்களே. கிணற்று வாயை வலையால் மூடுவதும், பயன்படாத கிணற்றை நிரப்புவதும், நீர் இறைக்கும் கிணற்றில் குடம்பி தின்னும் குப்பி மீன்களை விடுவதும், நீர்த்தாங்கியின் மூடியில் விரிசல் உண்டா எனப் பார்ப்பதும் ஒவ்வொரு வீடும் தன் எல்லைக்குள் செய்யக்கூடியவை.

இவ்விடத்தில் டெங்குக் கல்வியின் வெற்றியே ஓர் இடரைத் தோற்றுவித்துள்ளது. டெங்கு நுளம்பு பகலில் கடிக்கும் என்பதை இன்று ஆலங்குடாவின் பெரும்பாலான தாய்மார் அறிவர். அதனால் பகலில் பிள்ளையைக் காத்து, இரவில் கவலையற்றுவிடும் போக்கு வளர்ந்திருக்கக்கூடும். அனோபிலிஸ் மாலை மயங்கியபின் விடியும்வரை கடிப்பது. குர்ஆன் ஓதிவிட்டு மஃரிப் வேளையில் வீடு திரும்பும் பிள்ளைக்கும், முற்றத்தில் உம்மாவின் மடியில் உறங்கத் தொடங்கும் குழந்தைக்கும் அதுவே கவனம் வேண்டிய நேரம். மேலும், நுளம்பு பெருகும் இடத்தைக் கண்டால் வழக்குத் தொடரும் அதிகாரியாகவே பொதுச் சுகாதாரப் பரிசோதகரைப் பல வீடுகள் இப்போது அறிந்திருக்கின்றன. தண்டனைக்கு அஞ்சி மூடப்படும் கதவுக்குள் கல்வி நுழைவதில்லை. பரிசோதகர் அதிகாரியாக வரும் நாளும், ஆசிரியராக வரும் நாளும் வேறுவேறாக இருக்க வேண்டும் என்பது சுகாதாரத் துறை கருத்திற்கொள்ள வேண்டிய ஒன்று.

பிள்ளையின் உயிரைப் பற்றியதாக மட்டும் இவ்விடயம் நிற்பதில்லை. பிள்ளையின் படிப்பையும் அது தொடுகிறது. மொனராகலை மாவட்டத்தின் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளிடம் நடத்தப்பட்டு 2006இல் வெளியான கட்டுப்படுத்தப்பட்ட ஆய்வொன்றில், மலேரியாவைத் தடுக்கக் குளோரோகுயின் பெற்ற பிள்ளைகள், மருந்தற்ற மாத்திரை பெற்றோரைவிட மொழியிலும் கணிதத்திலும் ஏறத்தாழ 26 சதவீதம் கூடுதலான புள்ளிகளைப் பெற்றனர். மலேரியாவால் பாடசாலைக்கு வராத நாள்களும் அவர்களிடையே 62.5 சதவீதம் குறைந்தன. கொல்லாத மலேரியா என்று கருதப்பட்ட வைவாக்ஸ்கூட ஒரு தலைமுறையின் கல்வியிலிருந்து எவ்வளவைச் சுரண்டியிருக்கும் என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

நோய் மீண்டும் நுழையும் வழி இன்று ஒன்றே: ஒட்டுண்ணியைக் குருதியில் ஏந்தி வரும் பயணி. ஆண்டுதோறும் சில பத்துப் பேர் இவ்வாறு கண்டறியப்படுகின்றனர். மாணிக்க வணிகத்துக்காக மடகஸ்காருக்கும் மொசாம்பிக்குக்கும் போய்வருவோர், இந்தியாவுக்கு யாத்திரை சென்றோர், அங்கிருந்து வேலைக்கு வருவோர், ஐக்கிய நாடுகள் அமைதிப்படையில் பணியாற்றித் திரும்பியோர் ஆகியோர் அவர்களுள் அடங்குவர். 2018 டிசெம்பரில் மொனராகலையில் இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளி ஒருவரிடமிருந்து உள்ளூர்வாசி ஒருவருக்கு வைவாக்ஸ் தொற்றியமை, நுளம்பு இன்னும் தன் பணிக்கு ஆயத்தமாகவே உள்ளது என்பதை மெய்ப்பித்தது. இத்தகைய பயணத்துக்கு முன்பே உட்கொள்ளத் தொடங்க வேண்டிய தடுப்பு மருந்தை மலேரியாத் தடுப்பு இயக்கம் இலவசமாகவே வழங்குகிறது. வெளிநாடு செல்லும் வாப்பாவுக்குப் பெட்டி கட்டிக்கொடுக்கும் வீட்டார் இதை அறிந்திருந்தால், பிள்ளைக்கான காப்பு விமான நிலையத்துக்குப் போகுமுன்பே தொடங்கிவிடும்.

காய்ச்சலுள்ள பிள்ளையுடன் வைத்தியசாலைக்குச் செல்லும் தாய், கேளாமலே சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு: வீட்டில் யாரேனும் அண்மையில் வெளிநாடு போய் வந்தனரா என்பது. டெங்குச் சோதனையில் ஒன்றும் தெரியாத காய்ச்சலை வெறும் வைரசுக் காய்ச்சலென்று கருதிப் பரசிட்டமோலுடன் திருப்பி அனுப்பும் போக்குக்கு இச்செய்தியே மாற்று. இங்கு காலக் கணக்கைத் தாய்மாருக்குத் தெளிவாக விளக்குவது இன்றியமையாதது. பயணி ஒருவரைக் கடித்த நுளம்பின் உடலில் ஒட்டுண்ணி முதிர்வதற்குப் பத்து நாள் அளவும், அந்நுளம்பு கடித்த பிள்ளையின் உடலில் காய்ச்சல் தோன்றுவதற்கு மேலும் இரண்டு கிழமை அளவும் ஆகும். எனவே வாப்பாவின் காய்ச்சல் தணிந்து ஒரு மாதம் கழிந்தபின் பிள்ளைக்கு வரும் காய்ச்சலை முன்னதனோடு தொடர்புபடுத்த எவருக்கும் தோன்றுவதில்லை. வைவாக்ஸ் ஈரலில் உறங்கும் இயல்புடையதாகையால், பயணம் பற்றிய வினா சென்ற கிழமையோடு நில்லாமல் கடந்த ஒரு வருடத்தையாவது தழுவ வேண்டும். பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டை எழுதும் குடும்பநல உத்தியோகத்தர் அதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். ஒருவரிடம் நோய் உறுதியானதும் மலேரியாத் தடுப்பு இயக்கத்தின் குழு அவ்வீட்டைச் சுற்றியுள்ள வீடுகளுக்கும் வந்து, நோயற்றோர்போல் தோன்றுவோரின் குருதியையும் சோதிக்கும்; ஓடி விளையாடும் பிள்ளையின் விரலில் ஏன் குத்த வேண்டும் என்று அப்போது தயங்கும் உம்மாவுக்கு, அதன் காரணம் குழு வாசலுக்கு வருமுன்பே, கிளினிக் வாங்கில் அமர்ந்திருந்த ஏதோ ஒரு நாளில் விளக்கப்பட்டிருக்க வேண்டும்.